மைனரின் முதுகு

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் ஷமீமா சொன்னதால் இன்று முதல் எழுதுகிறேன். "குதிரை என்ன சாப்பிடுது, எப்படி நிக்குது, எப்ப காதை மடக்குது, எல்லாத்தையும் தினமும் எழுதி வைங்கண்ணா. வர்றப்ப நான் பாக்கணும்" என்று போனில் சொல்லியிருக்கிறார். ஆகவே இது என் நாட்குறிப்பு அல்ல, மைனருடையது. அவனுக்கு எழுத வராது என்பதால் தெய்வசிகாமணியாகிய நான் எழுதுகிறேன்.

மைனர்: கத்தியவாரி இனத்து ஆண் குதிரை, காயடித்தது. வயது பன்னிரண்டு. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. அந்தியூர் சந்தையில் வாங்கியது. பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் நடுவில், தென்னந்தோப்புக்குள் இருக்கும் எங்கள் குதிரையேற்றப் பள்ளியில் நான்கு குதிரைகள். பிள்ளைகள் வந்து இறங்கியதும் ஓடுவது இவனிடம்தான்.

நோய்: சேணத்தைத் தூக்கினாலே முதுகைக் கீழே இறக்கிக் கொள்கிறான். இடப்பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறான். வயிற்றுவாரைக் கட்டப் போனால் கடிக்க வருகிறான்.

எப்போதிருந்து: போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்ததிலிருந்து. அங்கே என்ன நடந்தது என்பது மைனரின் முதுகுக்குத் தேவையில்லாத விஷயம். எழுதவில்லை.

வீட்டில் நான் மட்டும்தான். சாந்தாமணி அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அது அவர்கள் வீட்டுக் கல்யாணம். பந்தல் பிரித்து, பாத்திரம் கழுவி, எல்லாம் முடிய நாளாகும்.

ஜூன் 4, புதன்

மைனர்: புல், ஊறவைத்த கொள்ளு, தவிடு. கொள்ளில் பாதியை மிச்சம் வைத்தான். நான் ஊறவைத்தது சரியாக ஊறவில்லையாம், அப்படிப் பார்த்தான்.

நான்: தயிர்ச்சோறு.

ஜூன் 5, வியாழன்

மைனர்: மேற்படி. நான்: மேற்படி.

தரையில் பாய் போட்டுப் படுத்தேன். வெயில் காலத்தில் தரைதான் குளிர்ச்சி. (இரண்டு நாளாக மழை.)

ஜூன் 7, சனி

டாக்டர் வந்தார். கோயம்புத்தூரிலிருந்து காரை அவரே ஓட்டி வந்தார். மைனரின் தோள் உயரத்துக்கு அவர் தலை வரவில்லை. ஏறி நிற்பதற்குக் காரிலேயே ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறார். ஊசி கிடையாது, மருந்து கிடையாது, எல்லாம் கை. முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தொட்டுப் பார்த்து, இறுகிக் கிடக்கும் இடத்தில் சட்டென்று ஒரு அழுத்தம். வைத்தியத்தின் பெயர் கைரோ என்று ஆரம்பித்து நீளமாகப் போகிறது. கைராசி வைத்தியம் என்று மனதில் வைத்துக் கொண்டேன்.

"குதிரை இறுக்கமா இருந்தா என் கை உள்ள போகாதுண்ணா. அரை டன் எடை, என்னால முடியுமா? அதுவா தளர்த்திக் குடுத்தாத்தான் உண்டு. நீங்க தலையைப் பிடிச்சுக்கிட்டு அதை நிம்மதியா வச்சிருங்க, போதும்" என்றார்.

இருபது வருஷமாகக் குதிரையோடு இருக்கிறேன். நிம்மதியாக வைத்திருக்க எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? கயிற்றை மூக்குக்குப் பக்கத்தில் இறுக்கிப் பிடித்து, "டேய், நில்றா! ஆடாதடா!" என்று அன்பாகச் சொன்னேன்.

டாக்டர் பெட்டிமேல் ஏறிக் கையை வைத்தார். மைனர் தலையை மேலே தூக்கினான். என் தாடையில் பட்டது. "நில்றான்னா!" என்றேன். அவன் பின்னால் நகர்ந்தான், பெட்டி ஆடியது, டாக்டர் குதித்து இறங்கினார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. என் போனில் மணிச்சத்தம் கிடையாது; நாதஸ்வரமும் தவிலும். மங்கலமாக இருக்கட்டும் என்று வைத்தது.

மைனர் என்னை இழுத்துக்கொண்டு தோப்புக்குள் போனான். மூன்றாவது வரிசைத் தென்னையருகே கயிற்றை விட்டேன். விட்டேன் என்பதைவிட, அது போனது என்று சொல்லலாம்.

திரும்பி வந்ததும் டாக்டர் கேட்டார்: "மேளச் சத்தத்துல எப்பவாவது பயந்திருக்கானா?"

"ஒரு கல்யாணத்துலைங்க. மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால போனான்."

"அப்ப யாரு மேல இருந்தாங்க?"

"ஒருத்தர் இருந்தாருங்க."

"எத்தனை கிலோ இருப்பாரு?"

"நடுத்தரமா இருப்பாருங்க."

டாக்டர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார். "இங்க யாரு தைலம் போட்டிருக்கீங்க? அந்த நெடி குதிரைக்கு ஆகாது."

கொசுவுக்காகப் போட்டது என்றேன்.

எழுதிய நோட்டைக் கேட்டார். நாய் கடித்துவிட்டது என்று சொன்னேன். இனி அவருக்குத் தனி நோட்டு போட வேண்டும். எங்களிடம் நாய் இல்லை என்பதை அவர் கவனித்திருக்க மாட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

டாக்டர் சொல்லிவிட்டுப் போனவை. கயிறு தொங்கலாக இருக்க வேண்டும். தலைக்கு நேரே நிற்காமல் தோளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். தட்டிக் கொடுக்கக் கூடாது, தடவ வேண்டும். முக்கியமாக, மூச்சு. "நீங்க மூச்சை அடக்கினா அவனும் அடக்குவான். பக்கத்துல நிக்கிறவன் பயப்படுறான், அப்ப எங்கேயோ புலி இருக்குன்னு நினைப்பான். நீளமா வெளிய விடுங்க."

மாலையில் கண்ணாடி முன் நின்று நீளமாக மூச்சு விட்டுப் பழகினேன். பாதியில் இடுப்புக்கு மேலே ஏதோ பிடித்துக் கொண்டது. வாயு.

தொழுவம் கூட்ட வரும் ரங்காத்தாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அம்மிணிய வரச்சொல்லுங் சாமி, தனியா இருந்தா இப்படித்தான் ஆயிரும்" என்று சொல்லிப் போனாள். எப்படி ஆகும் என்று அவள் சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

தரகர் சென்னியப்பன் போன் செய்தார். நாதஸ்வரத்தை எடுத்துவிட்டதால் மைனர் நிம்மதியாகப் புல் தின்றான். எனக்குத்தான் நிம்மதி இல்லை.

"முதுகு போன குதிரைய வச்சு என்னங் பண்ணப் போறீங்க? ஆடில அந்தியூருக்கு ஓட்டீட்டு வாங்க. செங்கல் சூளைக்காரன் ஒருத்தன் வண்டிக்குக் கேக்கறான்" என்றார்.

பார்க்கலாம் என்றேன்.

மைனரிடம் போய் நின்றேன். என் சட்டைப் பையை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக் கொண்டான். வழக்கமாக அவனுக்குக் கடலைமிட்டாய் கொடுப்பது நான் அல்ல.

ஜூன் 14, சனி

இரண்டாம் முறை. தைலம் போடவில்லை, போடாததன் பலனை நேற்று இரவு முழுக்க அனுபவித்தேன், அது வேறு விஷயம். கயிற்றைத் தொங்கலாக விட்டேன். தோளருகே நின்றேன். நீளமாக மூச்சு விட்டேன். டாக்டர் திரும்பிப் பார்த்து, "அண்ணா, பாம்பு சீறுற மாதிரி இருக்கு. கொஞ்சம் சாதாரணமா விடுங்க" என்றார்.

கழுத்துப் பகுதி ஒருவாறு முடிந்தது. முதுகுக்குக் கை வந்ததும் மைனர் பலகையாகிவிட்டான். டாக்டர் கையை எடுத்து, சும்மா நின்று, மறுபடி வைத்தார். மறுபடி பலகை. அவன் கண்ணில் வெள்ளை தெரிந்தது. என்னை நம்பவில்லை என்று எனக்கே புரிந்தது. அதை டாக்டர் நோட்டில் எழுதவில்லை.

பெட்டியிலிருந்து இறங்கி உட்கார்ந்து கொண்டார். "இவனுக்குத் தினமும் சேணம் போடுறது யாரு? நீங்களா?"

"இல்லீங்க."

"குளிப்பாட்டுறது?"

"இல்லீங்க."

"தீனி?"

"இப்ப நாந்தாங்க."

"இதுக்கு முன்னால?"

ஒரு தென்னை மட்டை விழுந்தது. அதைப் போய் எடுத்துப் போடுவதுபோல நகர்ந்தேன். குனிய முடியாததால், காலால் தள்ளினேன்.

"அண்ணா, அது யாரா இருந்தாலும் அடுத்த தடவ கூட்டீட்டு வாங்க. இல்லன்னா நான் வந்து பிரயோஜனமில்ல. இந்த இறுக்கத்தோட விட்டா இனி யாரையும் ஏத்த மாட்டான்."

ஜூன் 15, ஞாயிறு

போன் செய்தேன். சாந்தாவின் அண்ணன், மச்சான் ரத்தினசபாபதி எடுத்தார். அவர் மகள் கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு பேசுவது இதுவே முதல் முறை. "ஆருங்க?" என்றார். என் பெயர் அவருடைய போனில் வரும். சொன்னேன். போனை எங்கேயோ வைத்துவிட்டுப் போனார். வெகுநேரம் ஆட்டுரல் ஓடும் சத்தம் கேட்டது.

"என்னுங்க?" என்றாள் சாந்தா.

"மைனருக்கு முதுகு சரியில்ல. டாக்டரம்மா வர்றாங்க. அவனுக்குச் சாந்தம் வேணுமுன்னு சொல்றாங்க."

"சாந்தா வேணுமுன்னா?"

"சாந்தம். ம் போட்டு."

"ம்முக்கு நான் என்னங் பண்றது?"

நான் யோசித்தேன். உரல் ஓடிக்கொண்டே இருந்தது. "ம் இல்லாமயும் சொன்னாங்க" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் வருவதாகவும், மைனருக்காக மட்டுமே வருவதாகவும், மதியச் சாப்பாட்டுக்கு அண்ணன் வீட்டுக்குத் திரும்பிவிடுவதாகவும் சொன்னாள். டாக்டரிடம் சொல்லி, அவர் வரும் நாளையும் செவ்வாய்க்கு மாற்றிக் கொண்டேன்.

ஜூன் 16, திங்கள்

வீடு கூட்டினேன். குதிரைக்குத் தூசி ஆகாது.

ஜூன் 17, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுத வேண்டும். மைனருக்காக.

சாந்தா ஒன்பது மணிப் பேருந்தில் வந்தாள். வாசலில் நின்ற என்னைத் தாண்டித் தொழுவத்துக்குப் போனாள். மைனர் அவளுடைய செருப்புச் சத்தத்துக்கே கனைத்தான். அவள் நெஞ்சில் நெற்றியை வைத்து முட்டினான். அவள் அவன் காதுக்குள் என்னமோ சொன்னாள். என்னைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும்; அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

டாக்டர் வந்து அறிமுகம் எல்லாம் ஆனது. சாந்தா தலைப்பக்கம் நின்றாள். கயிறு அவள் கையில் வெறுமனே கிடந்தது. டாக்டருக்குப் பெட்டியைப் பிடித்துக்கொள்ள நான். ரங்காத்தாள் குதிரைக்குக் கிட்டே வரமாட்டாள்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. மைனர் கழுத்தைத் தாழ்த்தினான். சாந்தா கொள்ளுப் பானையைப் பார்த்துவிட்டு, "ராத்திரியே ஊறப்போடலீங்களா?" என்றாள்.

"போட்டேன்."

"இது ராத்திரி போட்டதாட்டம் இல்லையே."

"போட்டேன்னு சொல்றேனில்ல!"

அந்த 'இல்ல'வுக்கு மைனரின் முதுகு முழுக்கச் சுருண்டது. டாக்டர் கையை எடுத்துவிட்டார். "பாத்தீங்களா? நீங்க ரெண்டு பேரும் பேசினா இவன் வயிறு வரைக்கும் இறுகுது. வீட்டுல சத்தம் அதிகமா?"

இருவரும் சும்மா இருந்தோம். சும்மா இருந்தாலும் மைனர் காதை மடக்கினான். நாங்கள் சும்மா இருந்த விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

டாக்டர் சொன்னார்: "அமைதியும் வேண்டாம். பேசுங்க. சண்டையே போடுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா குரல் ஏறக் கூடாது. குழந்தையத் தூங்க வைக்கிற மாதிரி பேசுங்க. வார்த்தை அவனுக்குத் தெரியாது, சுருதிதான் தெரியும்."

பிறகு சாந்தா, மைனரின் நெற்றியைத் தடவிக்கொண்டே, தொட்டில் ஆட்டுகிற குரலில் ஆரம்பித்தாள்.

"கல்யாணத்தன்னைக்குக் காலைல... நான் என்ன சொன்னனுங்க..."

"என்ன சொன்னே..." என்றேன் நானும் இழுத்து.

"சேணம் போடறப்ப முதுகச் சுளிக்கறான்... இன்னைக்கு ஏற வேண்டாமுங்கன்னு... சொன்னனா இல்லையா, எஞ் சாமி..."

சாமி என்றது மைனரை.

"ஞாபகம் இல்லையே..."

"அதுக்கு நீங்க... எங்க ஒறம்பறை சனம் அத்தன பேரு முன்னாலயும்... கொள்ளு ஊறப்போடறவளுக்கு என்னடி தெரியுமுன்னு... கேட்டீங்களா இல்லையா, என் தங்கம்..."

மைனர் கண்ணைப் பாதி மூடினான். கீழுதடு தொங்கியது. டாக்டர் இரண்டு கையையும் சேர்த்து முதுகில் ஒரு அழுத்து அழுத்தினார். டக்கென்று எனக்கே கேட்டது.

"அருமை. நிறுத்தாதீங்க" என்றார்.

"நீ சிரிச்சியே..." என்றேன். தாலாட்டில் அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம்! "மேளத்தோட வெடியும் சேர அவன் துள்ளி... நான் சந்தனக் கிண்ணத்து மேல போய் உழுந்து... ஊரே பாக்கறப்ப... நீதான மொதல்ல சிரிச்சே..."

"சிரிச்சவளேதான் மொதல்ல ஓடியும் வந்தேன்... கையப் புடிச்சுத் தூக்க வந்தவள... தட்டி உட்டுட்டு... எல்லாம் உன்னாலதான்... உங்கண்ணன் ஊட்லயே கெடன்னு... சொன்னது ஆருங்க, என் ராசா..."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தமாகத்தான் வரும் என்று தெரிந்தது. டாக்டரின் கை முதுகின் நடுவில் இருந்தது. மூடிக் கொண்டேன். சத்தம் போட முடியாததால் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அவள் பேசுவதைப் பாதியில் வெட்டாமல் கடைசிவரை கேட்டால் அது எவ்வளவு நீளமாகப் போகிறது என்பது எனக்குப் புதிய செய்தி.

"இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இறுக்கம் இருக்கு" என்றார் டாக்டர். "வேற ஏதாவது பாக்கி இருக்காக்கா?"

"கல்யாணமான நாளிருந்து இருக்குதுங் டாக்டர்" என்று அதே குரலில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். "வெளியூருப் பிள்ளைகள எல்லாம் குதிர ஏத்தி உடறீங்க... எனக்கும் ஒரு தடவ ஏறிப் பாக்கோணுமுன்னு... எத்தன வருசமாக் கேக்கறனுங்க... சேலை கட்டறவளுக்கு எதுக்குன்னு..."

மைனர் பெரிதாகக் கொட்டாவி விட்டான். பல், நாக்கு எல்லாம் தெரிந்தது. பிறகு உதட்டை நக்கி மென்றான். டாக்டர் பெட்டியிலிருந்து இறங்கி, "முதுக விட்டுக் குடுத்துட்டான்" என்று கை தட்டப் போய், தட்டாமல் நிறுத்திக் கொண்டார்.

மைனரைக் கொஞ்ச நேரம் நடத்த வேண்டுமென்றார். சாந்தா நடத்தினாள். நான் பெட்டியைப் பிடித்த நிலையிலேயே இருந்தேன். எழ நேரமானது.

மதியச் சாப்பாட்டுக்கு அவள் போய்விட்டாள். போகும்போது கொள்ளை ஊறப்போட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் 18, புதன்

மைனர்: கொள்ளு, முழுவதும்.

ஜூன் 20, வெள்ளி

சேலை கட்டறவளுக்கு எதுக்கு என்று நான் சொன்னதாக அவள் சொல்கிறாள். நான் அப்படிச் சொல்லக் கூடியவனா என்று மைனரிடம் கேட்டேன். உதட்டை நக்கினான்.

ஜூன் 24, செவ்வாய்

நான்காம் முறை. சாந்தா மறுபடி ஒன்பது மணிப் பேருந்தில் வந்திருந்தாள். இன்று வால்.

டாக்டர் விளக்கினார்: வாலை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, மெல்ல இழுத்தபடி நிற்க வேண்டும். முதுகெலும்பு முழுக்க நீளும், குதிரைக்கு அது சுகம். டாக்டர் இடுப்பில் வேலை பார்க்கும்போது யாராவது அதைச் செய்ய வேண்டும்.

"யாராவது" என்றால் நான்தான். சாந்தா தலைப்பக்கம், டாக்டர் நடுவில், நான் வால். இந்தக் குடும்பத்தில் என் இடம் எது என்பதை யாரோ படம் வரைந்து காட்டியது போலிருந்தது.

வாலைப் பிடித்துச் சாய்ந்தேன். மைனரும் சுகமாக முன்னால் சாய்ந்தான். மரியாதைக்குரிய இடம் இல்லை அது. ஒரு முறை அவன் வயிற்றுக்காற்றையும் வாங்கிக் கொண்டேன். மூச்சை நீளமாக விடச் சொல்லியிருக்கிறார்கள்; இழுப்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முன்பக்கத்திலிருந்து தாலாட்டு வந்தது. "அன்னைக்கு நான் சிரிச்சேன்னு... மனசுக்குள்ளயே வச்சிருக்கீங்க..."

"ஆமா..."

"எதுக்குச் சிரிச்சேன்னு... ஒருநாளாவது கேட்டீங்களா..."

"எதுக்கு..."

"மூஞ்சியெல்லாஞ் சந்தனம்... தலப்பாக் கழண்டு தொங்குது... எந்திரிக்கக்கூட முடியல... அப்பவும் மொதல்ல, மைனருக்கு அடிபட்டுதான்னுதான கேட்டீங்க... அதப் பாத்துத்தான் சிரிச்சேன்... இப்படி ஒரு மனுசனக் கட்டீட்டு வந்திருக்கமேன்னு..."

டாக்டர் தலையை நிமிர்த்தவே இல்லை. மைனரின் இடுப்பெலும்பை அவ்வளவு உற்றுப் பார்க்கத் தேவை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நான் எதையாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவும் வந்தேன். "சாந்தா" என்று ஆரம்பித்து நிமிரப் பார்த்தேன். நிமிர முடியவில்லை. முதுகில் கத்தி செருகியது போலிருந்தது. வாலையும் விட முடியவில்லை, விட்டால் விழுவேன்.

"சாந்தா..." என்றேன் தாலாட்டாகவே. "என்னால... நிமிர முடியல..."

அவள் பாட்டென்று நினைத்துவிட்டாள். "எத்தனையோ வருசமா அப்படித்தானுங்க..." என்று பாடினாள்.

"நெசமாவே முடியல... முதுகு..."

டாக்டர் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக வாலிலிருந்து பிரித்தார். இருவருமாக என்னை மடிந்த நிலையிலேயே நடத்திக்கொண்டு போய் வைக்கோல் கட்டின்மேல் சாய்த்தார்கள். சாந்தா என் சட்டையை முதுகுப்பக்கம் தூக்கிப் பார்த்தாள். கல்யாணத்தன்று பட்ட கன்றல் இன்னும் மஞ்சளாக இருக்கிறதாம். நான் எங்கே பார்த்தேன்?

"அன்னைக்கிருந்தே வலிக்குதா?" என்றாள். இதற்கு மட்டும் தாலாட்டு இல்லை.

"வாயு" என்றேன்.

"அண்ணா, அந்த நடுத்தர எடைக்காரரு நீங்கதானே?" என்றார் டாக்டர்.

மைனர் தானாக நடந்து வந்து என் காலை முகர்ந்து பார்த்தான். கட்டியிருக்கவில்லை, கயிறு தரையில் இழுபட்டது. எங்கும் ஓடவில்லை. எங்கள் நால்வரில் அவன்தான் மிக நிதானமாக இருந்தான்.

மதியம் பொள்ளாச்சியில் மனிதர்களுக்கான டாக்டரிடம் போனோம். எலும்பில் ஒன்றும் இல்லை, சதைப்பிடிப்பு. இடுப்புப் பட்டை. ஓய்வு. குனியக் கூடாது, தூக்கக் கூடாது, குதிரை ஏறக் கூடாது.

சாந்தா அண்ணனுக்குப் போன் செய்து, நான்கு குதிரைகளுக்கும் தீனி வைக்க ஆளில்லை, அதனால் இங்கே தங்குவதாகச் சொன்னாள். குதிரைகளுக்காக.

ஜூன் 25, புதன்

கட்டிலில் படுத்தேன். தரை குளிர்ச்சி என்றேன். "படுங்க பேசாம" என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

டாக்டர் வந்து மைனரைப் பார்த்தார். முதுகு தளர்ந்துவிட்டது, இடப்பக்கமும் திரும்புகிறான். இனிப் பழக்க வேண்டியதுதான், ஆனால் மெதுவாக. முதலில் எடை குறைந்த ஒருவர் ஏறி, நடையில் மட்டும், சின்ன வட்டம். அவனுக்கு நம்பிக்கையான ஆளாக இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது டாக்டர் யாரையும் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை.

சாந்தா கொள்ளைக் கிளறிக்கொண்டே இருந்தாள். கிளறத் தேவையில்லாத கொள்ளு.

"சுடிதார் இருக்குதா?" என்றேன்.

ஜூலை 3, வியாழன்

ஏறினாள். ரவிக்கை ஊசியைக் குத்திப் போட்ட துப்பட்டாவும், எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் தலைக்கவசமுமாக. சொல்லித் தர என்னிடம் நிறைய இருந்தது. குதிகாலைக் கீழே விடு, முழங்காலால் நெருக்காதே, முன்னே பார். வாயைத் திறந்தேன். மைனர் ஒரு காதை என் பக்கம் திருப்பினான். மூடிக் கொண்டேன்.

ஆனால் குதிகாலைக் கீழேதான் விட்டிருந்தாள். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு நான் கத்தியதை எல்லாம் தீனித் தொட்டியருகே நின்று கேட்டிருக்கிறாள்.

இறங்கிய பிறகும் சேணத்தைப் பிடித்த கையை விடவில்லை. "பயமா?" என்றேன். "இல்லீங்க" என்றாள். முகத்தை மைனரின் கழுத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை.

ஜூலை 9, புதன்

சென்னியப்பனுக்குப் போன் செய்து, மைனர் அந்தியூருக்கு வரவில்லை என்றேன். எவ்வளவு கொடுத்தால் வரும் என்றார். அவனைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

மச்சான் குடும்பத்தோடு வந்தார். அழைத்தது சாந்தா; அவர்கள் வரும்வரை எனக்குத் தெரியாது. மச்சான், அவர் சம்சாரம், மகள் நவீனா, புது மாப்பிள்ளை கோகுல், கூடவே கல்யாணத்தில் என்னைச் சந்தனத்தோடு பார்த்த ஒறம்பறையில் பாதி. மச்சான் என்னிடம், "முதுகு எப்படிங்க?" என்றார். என்னுடையதா மைனருடையதா என்று தெரியவில்லை. "தேவலீங்க" என்று பொதுவாகச் சொன்னேன்.

சாந்தா மைனர்மேல் வட்டம் வந்தாள். மச்சான் தன் தங்கையைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. "எப்ப இருந்துங்க இது?" என்றார். "இப்பத்தானுங்க" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

அவள் இறங்கியதும் மாப்பிள்ளை கோகுல் எழுந்து வந்தார். வாட்டசாட்டமான பையன். கல்யாணத்தன்று எனக்குப் பிறகு தாம் ஏற வேண்டிய குதிரை இது, பாதியிலேயே போய்விட்டது, இன்றாவது ஒரே ஒரு சுற்று, போட்டோ எடுத்துக் கொள்ள வேண்டும் என்றார். நவீனா ஏற்கனவே போனை நீட்டிப் பிடித்துக் கொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். புது மாப்பிள்ளை கேட்கிறார். மச்சான் என்னைப் பார்க்கிறார். இந்தக் குடும்பத்தின் முன்னால் என் பெயரைத் திரும்ப எடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. தாராளமா ஏறுங்க மாப்பிள்ளை என்கிற வாசகம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

சாந்தா மைனரின் முதுகில் கையை வைத்து, மெல்லத் தடவிப் பார்த்தாள். "இன்னைக்கு வேண்டாமுங்" என்றாள். "ஒரு ஆள சொமந்துட்டான். இன்னும் ஒரு மாசம் போகட்டும்."

"ஒரே ஒரு சுத்துதானே" என்று மச்சான் என்னிடம் சொன்னார். "நீங்க சொல்லுங்க. உங்க குதிரதான?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். சாந்தா மட்டும் திரும்பவில்லை. அவள் கை மைனரின் முதுகிலேயே இருந்தது. ஆனால் தடவுவதை நிறுத்தியிருந்தாள். மைனரும் காதை மடக்கலாமா வேண்டாமா என்று காத்திருந்தான்.

"அவ வேண்டாமுன்னா வேண்டாந்தாங்க" என்றேன். "அவளுக்குத்தான் தெரியும்."

மாப்பிள்ளை கொஞ்சம் சிவந்து, பிறகு சிரித்து, குதிரை பக்கத்தில் நின்று எடுத்தாலும் போட்டோ போட்டோதான் என்றார். நல்ல பையன். நவீனா எடுத்தாள்.

சாந்தா கயிற்றை என்னிடம் நீட்டினாள். "சித்தெப் புடிங்க, ஒறம்பறைக்குக் காப்பி வெக்கறேன்" என்றவள், ரெண்டடி போய்த் திரும்பி, "நிக்க முடியுமா?" என்றாள். முடியும் என்றேன்.

எல்லாரும் வீட்டுக்குள் போனார்கள். மைனர் அவள் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையை இறக்கி, முழுப் பாரத்தோடு என் தோளில் வைத்துக் கண்ணை மூடினான். குதிரைத் தலை எவ்வளவு கனம் என்பது தாங்கியவனுக்குத்தான் தெரியும். இடுப்புப் பட்டைக்கு மேலே சுருக்கென்று இழுத்தது. அசையாமல் நின்றேன்.